ஆடி முடித்தவர் நிற்கும் இடம்

இலங்கை மலையகத்தின் நோர்வூட்டில் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் தாங்கிய மைதானம் ஒன்று இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன் பேசியது அங்கேதான். 2020 மே 31ஆம் திகதி அவருடைய பேரன் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் நடந்ததும் அங்கேதான். ஹட்டன் டன்பார் மைதானத்தின் கதையும் இதுதான். தொழிற்சங்கக் கூட்டம், மே தினம், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தரை. கூட்டம் கலைந்த மறுநாள் பந்தல்கால் நட்ட குழிகளில் மண் போட்டு மிதித்துச் சமப்படுத்துகிறவர்கள் பையன்கள். மாலையில் அதன் மேல்தான் பந்து உருளவேண்டும்.

மலையகத்தின் கால்பந்தைப் பற்றி எழுத உட்காருகிறவர் முதலில் தரையைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில். தேயிலையின் வேரில் நீர் தேங்கக்கூடாது என்பதால் சரிவுதான் அதற்கு வாகு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதிலிருந்து சரிவுகளெல்லாம் தேயிலைக்குப் போயின. எஞ்சிய கொஞ்சம் சமதரையில் ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும், துரை பங்களாவும் எழுந்தன. அதற்குப் பிறகும் எங்காவது அகலமான தட்டைநிலம் கிடைத்திருந்தால் அது துரைமாரின் கழகத்துக்கானது. தரவளையில் டிக்கோயா, மஸ்கெலியா தோட்டத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே கிரிக்கெட் ஆடினார்கள். ரதல்லயில் தேயிலை மலைகள் சூழ்ந்த ஓர் அழகான மைதானத்தை உண்டாக்கினார்கள். டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று தோட்டப் பிரதேசங்களின் பெயரிலேயே ரக்பி அணிகள் மோதின. இலங்கையின் விளையாட்டு வரலாற்றில் அந்தக் கழகங்களுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு. மண்ணை வெட்டிச் சுமந்து அந்த மைதானங்களைத் தட்டையாக்கியவர்களுக்கு அங்கே ஆட இடமிருக்கவில்லை.

ஆகவே எங்கள் பிள்ளைகள் மிச்சத்தில் ஆடினார்கள். லயத்து வாசலில், மாரியம்மன் கோயில் முன்றலில், பெரட்டு கலைந்த களத்தில், கைவிடப்பட்ட நாற்றுத் தவறணையில். கிரிக்கெட்டுக்கு மட்டை, விக்கெட், கையுறை என்று சாமான் ஏராளம். கால்பந்துக்கு ஒரு பந்து போதும்; அதுவும் இல்லாத நாளில் பழந்துணியைச் சுருட்டிக் கட்டியது போதும். ஓட்டத்துக்கு அதுவும் வேண்டாம். 10,000 மீற்றரில் தேசிய சாம்பியனான குமார் சண்முகேஸ்வரன் போன்ற நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மலையகத்திலிருந்து வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஏற்றமும் இறக்கமும் ஓடுகிறவனின் நெஞ்சுக்கு உரம். கால்பந்து அப்படி விடாது. அதற்குத் தட்டையான நிலம் வேண்டும், பதினொரு பேர் வேண்டும், அந்தப் பதினொரு பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கண்ணும் வேண்டும். நான் இங்கே எழுத நினைப்பது அந்தக் கண்ணைப் பற்றி.

சரிவில் ஆடிப் பழகிய கால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விளக்கவேண்டும். லயத்துக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் ஆடும்போது பந்தைத் தூக்கி அடிக்க முடியாது. அடித்தால் அது தேயிலைத் தூர்களின் ஊடாக உருண்டு ஆற்றங்கரையில்தான் நிற்கும். தூக்கி அடித்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும் என்பது எல்லாத் தோட்டத்திலும் எழுதாத சட்டம். அதனால் பையன்கள் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளப் பழகுகிறார்கள். சிறிய இடத்தில் உடம்பைத் திருப்பி எதிராளியை ஏமாற்றுவது, பாதத்தின் உட்பக்கத்தால் நான்கடி தள்ளிக் கொடுப்பது, கொடுத்த கையோடு அடுத்த இடத்துக்கு நகர்வது எல்லாம் எட்டு, ஒன்பது வயதிலேயே வந்துவிடும். தரை ஒருபக்கம் சாய்ந்திருப்பதால் பந்து எந்த வேகத்தில் எந்தப் பக்கம் விலகும் என்ற கணக்கு பாதத்திலேயே குடியேறிவிடுகிறது. வெறுங்காலில் ஆடுவதால் பந்தைத் தொடும் உணர்வும் கூர்மையானது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது சேற்றில் ஆடியவனுக்குச் சமநிலை தானாகவே கைவரும்.

இத்தனையும் கொண்ட அதே பையன் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட முழு மைதானத்தில் இறங்கும்போது திணறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தலை குனிந்தே இருக்கும். பந்து இருக்கும் பக்கமே பத்துப் பேரும் குவிவார்கள். மறுகோடியில் தனியாக நிற்கும் கூட்டாளி கண்ணில் படமாட்டான், ஏனென்றால் அவ்வளவு தூரத்தில் ஒரு கூட்டாளி நிற்கக்கூடும் என்பதே அவன் வளர்ந்த நிலத்தில் இல்லாத விஷயம். நாற்பது மீற்றர் நீளப் பந்தை அவன் ஒருபோதும் அடித்ததில்லை, வாங்கியதுமில்லை. கொழும்பிலிருந்து தெரிவுக்கு வருகிறவர் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, ஆட்ட அறிவு போதாது என்று எழுதிக்கொண்டு போவார். அவர் எழுதியது பிழையும் இல்லை. ஆனால் அந்தக் குனிந்த தலைக்குக் காரணம் தரை என்று தெரிந்தவர் வேறுவிதமாக யோசிப்பார். இருக்கும் கால்வேலையைக் கெடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துவது எப்படி என்று பார்ப்பார். இரண்டு பந்துகளை ஒரே நேரத்தில் ஆடவிட்டு, காலில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றது எங்கே போகிறது என்று உரக்கச் சொல்லச் சொல்வார். வாரத்தில் ஒரு நாள் டன்பாரிலோ நோர்வூட்டிலோ முழு அகலத்தையும் காட்டி, ஓரத்தில் நிற்கிறவனுக்கு ஓரத்திலேயே நிற்பதன் அருமையைப் புரியவைப்பார். “டேய் தம்பி, பந்து ஒன்கிட்டதான்டா இருக்கு, ஓடிப்போயிறாது. தலைய தூக்கிப் பாரு” என்று அவர் சொன்னால் பையன் கேட்பான். அந்த ‘அண்ணே’யும் ஒரு காலத்தில் அதே மேட்டு லயத்து வாசலில் தலை குனிந்து ஆடியவர் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர்கள் எங்கே என்பதுதான் கேள்வி. மலையகத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததேயில்லை. ஆடி முடித்தவர் நின்று அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் இடமும் பெயரும் சம்பளமும் இருந்ததில்லை. இந்த ஒரு கண்ணி அறுந்திருப்பதால் ஒவ்வொரு தலைமுறையும் பந்தை முதலிலிருந்து கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

ஒரு பையனின் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை அணியில் பதினான்கு வயதில் சேருகிறான். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று ஏறி, நல்ல காலமிருந்தால் தேசியமட்டத்தில் ஒரு போட்டி ஆடுகிறான். சாதாரணதரப் பரீட்சை வருகிறது. அதற்குப் பின் கொழும்பு. புறக்கோட்டைப் புடவைக் கடை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை, ஏதாவதொரு களஞ்சியம். பதினேழு வயதில், கால் மிகவும் துடிப்பாக இருக்கும் காலத்தில், அவன் ஒரு கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுக்கிறான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்கு வருவான். அப்போது தோட்டங்களுக்கிடையே சுற்றுப்போட்டி நடக்கும். ஒலிபெருக்கி, வெற்றிக்கிண்ணம், கம்பளி போர்த்திக்கொண்டு மேட்டில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் அம்மாமார், ஆச்சிமார். அந்தச் சில நாட்கள்தான் எங்கள் கழகங்களின் முழு அணியும் ஊரில் இருக்கும் நாட்கள். ஆண்டின் மற்ற நாட்களில் அணி என்பது கொழும்பின் பல தெருக்களில் சிதறிக் கிடக்கிறது. சேர்ந்து பயிற்சி செய்யாமல் சேர்ந்து ஆடுகிற இந்த அணிகள் அவ்வளவு அழகாக ஆடுவதே பெரிய காரியம்.

ஊரில் தங்குகிறவர் ஒருவர் இருப்பார். எல்லாத் தோட்டத்திலும் இருப்பார். முழங்கால் பழுதாகியிருக்கும், அல்லது வீட்டில் வயதான தாய் இருப்பார், அல்லது ஸ்டோரில் இரவு வேலை கிடைத்திருக்கும். அவரைப் பையன்கள் ‘கோச்’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை எந்தச் சபையும் தரவில்லை. பந்துக்குக் காற்றடிப்பது, கோட்டுக்குச் சுண்ணாம்பு கரைப்பது, களத்தைப் பயன்படுத்தத் துரையிடம் அனுமதி கேட்டு ஒப்பீஸ் வாசலில் நிற்பது, மழையில் நனைந்து காய்ச்சல் வந்த பிள்ளையின் தாயிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் வேலை. தனக்கு இருபத்தைந்து வயதில் தாமதமாகப் புரிந்த ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்றே புரியவைத்துவிடவேண்டும் என்ற தவிப்பு அவரிடம் இருக்கும். பயிற்றுவித்தல் என்பதன் வேர் அந்தத் தவிப்பு என்றே நான் நம்புகிறேன். உரிமப் பத்திரம் அதற்குப் பின்னால் வருவது. ஆனால் பத்திரம் வராவிட்டால் தவிப்பும் நாற்பது வயதில் களைத்துப்போகும். அதையும் கண்டிருக்கிறேன்.

ஒரு கண் என்ன செய்யும் என்பதற்குக் கண்டியிலேயே உதாரணம் உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளிதரன் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பையன். பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் அவருடைய பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. 800 டெஸ்ட் விக்கெட்டுகளின் கதை பாடசாலை மைதானத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. முரளிதரனின் குடும்பம் அப்போது தோட்டத்தை விட்டுக் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தும் நிலைக்கு வந்திருந்தது. நகரத்துப் பெரிய கல்லூரி கிடைத்தது, அங்கே பயிற்றுவிப்பாளர் இருந்தார். அதே மணிக்கட்டும் தோளும் கொண்ட ஒரு பிள்ளை பொகவந்தலாவையில் பிறந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

பாடசாலைதான் எங்களுக்கும் வழி. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் கம்பனிகளின் கையில், ஓர் ஆசிரியரும் ஒரு கூடமுமாகக் கிடந்தவை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. பிறகு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜேர்மன் உதவியோடு எழுந்தது. மலையகத்துப் பிள்ளைகள் பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக வெளிவரத் தொடங்கினார்கள். இன்று ஒரு மலையகக் கால்பந்து வீரர் ஆடி முடித்தபின் அதே ஆட்டத்தோடு கௌரவமாக வாழக்கூடிய ஒரே இடம் உடற்கல்வி ஆசிரியர் நாற்காலி. நல்ல ‘சேர்’ ஒருவர் வந்துவிட்ட பாடசாலை ஐந்து வருடத்தில் வலயத்தையே கலக்குவதைப் பார்க்கலாம். அவருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்த வருடமே பந்து அலுமாரிக்குள் போய்விடுவதையும் பார்க்கலாம். ஒரே மனிதரில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏற்பாடு அப்படித்தான் முடியும்.

தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்கள் இலங்கைக்கு மட்டும் போகவில்லை. மலாயாவின் ரப்பர் காடுகளுக்குப் போனவர்களின் நாட்டில், ஆட்டக்காரர் பயிற்றுவிப்பாளராகும் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு தமிழர் காட்டினார். கே. ராஜகோபால் 1956இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் முன்கள வீரராக ஆடியவர். மலேசிய தேசிய அணியின் சட்டையையும் அணிந்தவர். ஆடி முடித்தபின் மாநில அணிகளையும் இளையோர் அணிகளையும் வருடக்கணக்காகப் பயிற்றுவித்தார். 2009 டிசம்பரில் வியஞ்சானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் அவருடைய 23 வயதுக்குட்பட்ட அணி வியட்நாமை 1-0 என வென்று தங்கம் எடுத்தது. 1989க்குப் பின் அந்த விழாவின் கால்பந்தில் மலேசியா கண்ட முதல் தங்கம் அது.

அடுத்த வருடக் கதைதான் என்னை மிகவும் பிடித்து வைத்திருக்கிறது. 2010 தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியா மலேசியாவை 5-1 என்று நொறுக்கியது. பயிற்றுவிப்பாளர்களின் வேலை பறிபோவது இப்படியான இரவுகளில்தான். ராஜகோபாலின் அணியில் பெரும்பாலோர் முந்திய வருடத் தங்கத்தை வென்ற இளைஞர்கள். அவர்களைத் தூக்கி எறியாமல் அவர்களையே வைத்துக்கொண்டு மேலே போனார். இறுதிப்போட்டியில் மீண்டும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் திகதி புக்கிட் ஜாலிலில் மலேசியா 3-0. மூன்று நாள் கழித்து, முதல் ஆட்டத்தில் அவமானப்பட்ட அதே ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம். மலேசியா அந்தக் கிண்ணத்தை அதற்கு முன் வென்றதேயில்லை. டிசம்பர் 31ஆம் திகதியை அரசாங்கம் பொது விடுமுறை ஆக்கியது. சாபி சாலி ஐந்து கோல்களுடன் அந்தச் சுற்றுப்போட்டியின் கூடிய கோல்காரரானார். குணாளன் சுப்பிரமணியம் என்ற தமிழ் இளைஞரும் அந்த அணியில் இருந்தார்.

ஐந்து கோல் வாங்கிய இரவுக்கும் மூன்று கோல் அடித்த இரவுக்கும் இடையில் நாட்கள் அதிகமில்லை. அந்த நாட்களில் கால்கள் மாறியிருக்க முடியாது. மாறியது வேறு ஏதோ. தோற்ற உடைமாற்றும் அறையில் தானும் ஒருநாள் ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்தவருக்கு, அங்கே என்ன பேசவேண்டும், எதைப் பேசக்கூடாது என்பது தெரிந்திருக்கும். ஆடியவரே பயிற்றுவிக்கவேண்டும் என்று விதி ஏதும் இல்லை. ஆடாமலே சிறந்த பயிற்றுவிப்பாளர்களானவர்கள் உலகில் உண்டு. ஆனால் தோல்வியை அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு.

இலங்கையிலும் இப்படி ஒருவர் உண்டு. நிசாம் பக்கீர் அலி டாக்காவின் ஆபஹானிக் கழகத்துக்கு ஆடிப் பெயர் எடுத்தவர். 2018 செப்டெம்பரில் அதே டாக்காவில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கு இலங்கையின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அவர் திரும்பிப் போனார். இலங்கை இந்தியாவிடம் 0-2 என்று தோற்றது. மாலைதீவோடு கோலின்றிச் சமன் செய்தது. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0-2. எல்லாக் கணக்கும் சமமாகி, அரையிறுதிக்குப் போவது யார் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். மாலைதீவு போனது. போனது மட்டுமல்ல, இறுதியில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு, அதற்கு இத்தனை அருகில் வந்தும் ஒரு நாணயத்தால் திரும்பியது. அந்த அணியின் தோல்வியைப் பேசுகிறவர்கள் அது எவ்வளவு மெல்லியது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

மூணாறைப் பற்றியும் சொல்லவேண்டும். கேரளத்து மலை என்றாலும் அங்கே கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். எங்களைப் போலவே லயங்களில் வாழ்ந்தவர்கள். பின்லே கம்பனி காலத்தில், 1940களில், தோட்ட அணிகளுக்கிடையே ஒரு கால்பந்துச் சுற்றுப்போட்டி தொடங்கியது. கம்பனி டாட்டாவிடம் கைமாறியது; 2005இல் தொழிலாளரும் பங்குதாரராகும் புதிய கம்பனி வந்தது; அந்தச் சுற்றுப்போட்டி நிற்கவில்லை. துரை ஆட்சியில் பிறந்த ஒன்றை நான் போற்றவேண்டுமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. இருந்தாலும் ஒரு நிரந்தரச் சுற்றுப்போட்டி செய்யும் காரியம் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த வருடமும் கிண்ணம் உண்டு என்று தெரிந்தால் ஒவ்வொரு தோட்டமும் ஓர் அணியை வைத்திருக்கும். அணி இருந்தால் அதைப் பழக்க ஒருவர் தேவைப்படுவார். நேற்று ஆடியவருக்கு இன்று ஒரு வேலை தானாகவே பிறக்கும். எங்கள் தீபாவளிக் கிண்ணங்களோ யாராவது ஓர் அரசியல்வாதியின் அனுசரணையில் ஒரு வருடம் நடக்கும், தேர்தல் முடிந்த அடுத்த வருடம் நடக்காது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிராந்தியக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து அப்படி ஒன்றை நிலையாக நடத்தினால் அதன் செலவு தேயிலை ஏற்றுமதியில் தெரியவே தெரியாத தொகை.

உரிமத்தின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கண்ணி அறுந்த இடம் இதுதான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்கள் ‘டி’யில் தொடங்கி ‘சி’, ‘பி’, ‘ஏ’, அதற்கு மேல் ‘புரோ’ என்று ஏறுகின்றன. முதல் படிக்கே பல நாள் வகுப்பில் உட்காரவேண்டும். மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டுப் போகலாம். நாட்சம்பளக்காரருக்கு வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவும் அதன் சம்பளமும், போய்விடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பஸ் காசு, தங்கும் இடம், சாப்பாடு, இழந்த சம்பளம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சான்றிதழ் ஒரு மாத அரிசியை விழுங்கிவிடும். போதாததற்கு, இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தின் தேர்தலில் அரசியல் தலையீடு என்று 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் 28 வரை அந்தத் தடை நீடித்தது. தேசிய அணி ஆடமுடியாமல் போனதைப் பத்திரிகைகள் எழுதின. பீபாவும் ஆசியக் கூட்டமைப்பும் தரும் பயிற்சி நெறிகளும் அபிவிருத்தித் திட்டங்களும் அதே தடைக்குள் அடங்கும் என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. கொழும்பில் நாற்காலிக்கு நடந்த சண்டையின் விலையை, முதல் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்களும் கொடுத்தார்கள்.

தேசிய அணிக்கு இப்போது வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வழியினரைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டனில் ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த தமிழர் ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் வந்து அணியின் தரத்தை உயர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் வரவில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த வரவு இன்னொன்றையும் காட்டுகிறது. அவர்கள் அப்படி ஆடுவது, ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு வயதிலும் பயிற்றுவிப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்ற நாடுகளில் வளர்ந்ததால். சுவீடனில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது தலவாக்கலையில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? இதற்குப் பெரிய அரங்கம் வேண்டாம். வலயத்துக்குப் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, வகுப்பைக் கொழும்பில் வைக்காமல் ஹட்டனில் தமிழில் வைத்து, இழக்கும் நாட்சம்பளத்தைக் கொடுத்து, முடித்தவர்களைப் பாடசாலைகளிலும் கழகங்களிலும் சிறு கொடுப்பனவோடு அமர்த்தினால் போதும். பத்து வருடத்தில் தலை நிமிர்ந்து ஆடும் ஒரு தலைமுறை வரும்.

பெண்பிள்ளைகளும் இப்போது பந்தோடு இறங்குகிறார்கள். மலையில் கூடை சுமக்கும் தாய்மார் மகளைக் களத்துக்கு அனுப்பத் தயங்குவது ஆட்டத்தின் மேல் உள்ள வெறுப்பால் இல்லை. இருட்டுக்கு முன் யார் கூட்டி வருவார்கள், தூர ஊர்ப் போட்டிக்கு யாரை நம்பி அனுப்புவது என்ற கவலை. முன்பு ஆடிய ஓர் அக்கா பயிற்றுவிப்பாளராக நின்றால் அந்தக் கவலையில் பாதி தீரும். அப்படி ஆடி முடித்த அக்காமார் இப்போதுதான் உருவாகி வருகிறார்கள். அவர்களில் பலரையும் ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் நமது ‘கோச்’ வேலையை விடவில்லை. கொழும்பில் ஏதோவொரு கழகம் இளையோர் தெரிவு நடத்துகிறது என்ற செய்தி தொலைபேசியில் வரும். மூன்று பையன்களைத் தேர்ந்தெடுப்பார். ஒருவனுக்குச் சப்பாத்து இல்லை; கழகத்தில் இருக்கும் பழைய சோடி ஒன்றைத் தைக்கக் கொடுப்பார். விடியற்காலை ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ் பிடிக்கவேண்டும். முதல் நாள் இரவு லயத்துக்குப் போய், பையனின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்வார். அவர் கேட்பது தெரிவைப் பற்றியோ கழகத்தைப் பற்றியோ இருக்காது.

“கூட யாரு தம்பி போறா?”

“நான்தாங்க்கா போறேன். நாளைக்குப் பேரு போடல.”